பிடிப்பது பாதி, விடுவது மீதி
ராட்சத மீன்களுடன் மல்லுக்கட்டி, ஜெயித்ததும் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு அவை பிழைக்கின்றனவா?

மீன் கவ்விய மறுநொடி படகு நகரத் தொடங்குகிறது. யாரும் துடுப்புப் போடவில்லை. என்ஜினும் கிடையாது. மீன்தான் இழுக்கிறது. கயாக் எனப்படும் அந்த ஒற்றை ஆள் படகில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவரால் செய்ய முடிந்தது இரண்டே வேலைகள்: கழியைக் கைவிடாமல் இருப்பது, கவிழாமல் இருப்பது. நெடுநேரப் போராட்டத்துக்குப் பின் களைத்துப்போன மீன் பக்கவாட்டில் வந்து நிற்கிறது. முள்ளைக் கழற்றுகிறார். மீனை விட்டுவிடுகிறார்.

'விடுவதற்கு எதற்கய்யா பிடிக்க வேண்டும்?' வலை உலர்த்திக்கொண்டிருக்கும் எந்த மீனவரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

அந்தமானில் இந்தக் கேள்விக்கு இருபது ஆண்டு வயதாகிறது. போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக் 2018-லேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது. ஆனால் வெளிநாடுகளிலிருந்தும் பெருநகரங்களிலிருந்தும் விலை உயர்ந்த தூண்டில்களோடு வந்திறங்குபவர்களின் நோக்கம் மாறவில்லை. அவர்கள் கனவில் வருவது 'ஜி.டி.' என்று செல்லப் பெயர் பெற்ற ராட்சதப் பாரை. 2006-ல் ஜப்பானின் டோகாரா தீவுகளில் தூண்டிலில் சிக்கிய ஒரு பாரை 72.8 கிலோ இருந்தது, உலக சாதனை. தண்ணீருக்கு மேலே எம்பிக் கடற்பறவைகளைக் கவ்வும் முரட்டு ஜாதி இது. அந்தக் காட்சியை 2017-ல் பி.பி.சி. படம்பிடித்துக் காட்டியது. மயில் மீனும் சூரையும் அடுத்த குறிகள்.

அந்தமானில் பெரும்பாலோர் என்ஜின் படகில்தான் போகிறார்கள். கயாக்கில் போவது துணிச்சல்காரர்களின் சமாச்சாரம். ஹவாய், கலிபோர்னியா, ஆஸ்திரேலியக் கரைகளில் வளர்ந்த ஆட்டம் அது. ஆனால் தமிழனுக்கு இது புதிதல்ல. ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லையே தானம் கொடுத்த கட்டுமரத்தில், அலைமட்டத்தில் உட்கார்ந்து, கையில் கயிறோடு பெருமீனை எதிர்கொண்டவன்தானே அவன்? ஒரே வித்தியாசம்: அவன் மீனை விட்டுவிடவில்லை. வீட்டில் அடுப்பு காத்திருந்தது.

அந்தமான் கடல் விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது அல்ல. 2010-ல் ஹேவ்லாக்கில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவரை உப்புநீர் முதலை கொன்றது. 2006-ல் படகு திசைமாறி வடக்கு சென்டினல் கரையில் ஒதுங்கிய மீனவர்கள் இருவர் உயிரோடு திரும்பவில்லை. என்ஜின் இல்லாத படகுக்கு நீரோட்டமே எஜமான். கடல்சார் தேசியப் பூங்காக்கள் வேறு இருக்கின்றன. 1983-ல் வண்டூரிலும் 1996-ல் ஹேவ்லாக்கை ஒட்டிய தீவுக் கூட்டத்திலும் அறிவிக்கப்பட்ட அந்த எல்லைகளுக்குள் மீன் பிடிக்கக் கூடாது.

ஆபத்து மனிதனுக்கு மட்டுமல்ல. நெடுநேரம் போராடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. விட்டதும் நீந்திப் போகும் மீன் சில மணி நேரம் கழித்து ஆழத்தில் செத்துப்போகலாம். களைத்த மீனுக்காகச் சுறா காத்திருக்கலாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் களவா போன்ற மீன்களுக்குக் காற்றுப்பை உப்பிவிடும். விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதக்கும்.

அதனால் விடுவதற்கென்றே ஒரு தொழில் சுத்தம் இருக்கிறது. மும்முனை முள்ளுக்குப் பதிலாக எதிர்முள் இல்லாத ஒற்றை முள். மீனைச் சீக்கிரம் களைக்க வைக்கும் அளவுக்கு வலுவான நரம்பு. செவுளில் கைவிடக் கூடாது. உலர்ந்த கையால் தொட்டால் மேலுள்ள வழவழப்புப் படலம் போய்விடும். புகைப்படமோ, சில நொடிகளில் முடிய வேண்டும். இதில் கயாக்குக்கு ஒரு நன்மை உண்டு: பெரிய மீனைத் தூக்கி மடியில் வைக்க இடமில்லை. முள்ளைத் தண்ணீரிலேயே கழற்ற வேண்டியதுதான். தீமையும் உண்டு: மீனைத் துரத்த என்ஜின் இல்லாததால் போராட்டம் நீளக்கூடும்.

இவ்வளவு செய்தாலும் மீனுக்கு வலிக்காதா? 2003-ல் பிரிட்டனில் விஞ்ஞானி லின் ஸ்னெடனும் சகாக்களும் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தை ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. வெகுநேரம் இரை எடுக்கவில்லை. அது வலிதானா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை ஸ்விட்சர்லாந்து சட்டம் தடுக்கிறது. சாப்பிடுவதற்குப் பிடித்தால் நியாயமான காரணம், பொழுதுபோக்குக்குப் பிடித்தால் வதை என்பது ஜெர்மனியின் நிலை. அந்தமான் மீனவரின் கேள்வியும் அதுதான்.

இதற்குப் பதில் காவிரியில் கிடைக்கிறது. கர்நாடகத்தில் மாசீர் என்னும் பெருங்கெண்டையைப் பிடித்து விடும் முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. வெடி வைத்து மீன் கொன்றவர்களே அங்கே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் சம்பளம் வாங்கினார்கள். உயிருள்ள மீனுக்குக் கறி விலையைவிட அதிக விலை கிடைத்தது. சரணாலயப் பகுதியில் தூண்டிலுக்குத் தடை வந்ததும் முகாம்கள் ஓய்ந்தன.

ஆனால் ஒன்று மிஞ்சியது: கணக்கு. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மீன்களின் குறிப்புகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். மாசீர் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மாசீர் அருகிப்போய், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு ரகம் ஆற்றை நிரப்பியிருந்தது. ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 2018-ல் திமில் மாசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் பார்த்தவர்களுக்கு மீன் நிறைய இருப்பதாகவே தோன்றியது. நோட்டுப் புத்தகம்தான் உண்மையைச் சொன்னது.

அந்தமானுக்கும் இதுவே பாடம். விட்டதாலேயே எந்த மீனும் பிழைத்துவிடாது. எந்த மீன், எங்கே, எத்தனை நிமிடப் போராட்டம், எந்த நிலையில் போனது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு மீன்வளத் துறைக்குப் போக வேண்டும். படகோட்டும் தீவுக்காரருக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும். இவை இருந்தால் மீனவரின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். இல்லையென்றால் மிஞ்சுவது ஒரு புகைப்படம். அதில் சிரிப்பது மனிதர் மட்டும்.