மீண்டும் அதே கதவா?

தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் நம் சங்கத்தில் ஆறுதல் மொழிகளுக்குப் பஞ்சமே இல்லை. தோற்றவனைக் கண்டால், "தோல்வியே வெற்றிக்கு முதற்படி" என்று முதுகில் தட்டிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுகிறோம். நானும் அப்படித் தட்டியவன்தான். சென்ற திங்களில் என் ஆராய்ச்சிக் கட்டுரை மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தபோது என் முதுகிலும் அந்தத் தட்டு விழுந்தது. வலிக்கத்தான் செய்தது!

"விடாதே, மறுபடியும் அங்கேயே அனுப்பு" என்றார் அறைத் தோழர். விடாமுயற்சி என்றால் ஒரே கதவை ஓயாமல் தட்டுவது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் அவர். எரிந்து ஓய்ந்த விண்மீன் வெண்குள்ளனாக நிலைபெற வேண்டுமாயின், அதன் நிறை ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படலாகாது என்பது அவர் கண்ட முடிவு. 1935 சனவரி 11 அன்று இலண்டனில், அரச வானியல் கழகத்தில் இதனை எடுத்துரைத்தார். அப்போது வயது 24. அடுத்து எழுந்தவர் எடிங்டன். அந்நாளைய வானியலில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. அவர் அம்முடிவை எள்ளி நகையாடினார். அவையும் சேர்ந்து நகைத்தது. பேர்பெற்ற இயற்பியலார் சிலர், சந்திரசேகர் பக்கமே உண்மை என்று தனிமையில் ஒப்புக்கொண்டார்கள். வெளியில் வாய் திறக்கவில்லை. (நம் விடுதியிலும் இத்தகைய நண்பர்கள் உண்டு, பெயர் வேண்டா.)

இளைஞர் என்ன செய்தார்? சில ஆண்டுகள் வாதாடினார். 1937-இல் அமெரிக்கா சென்றார். 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அம்முடிவை விளங்க எழுதி வைத்தார். பிறகு, விண்மீன் கூட்டங்களின் இயக்கம் என்னும் வேறு துறைக்குப் போய்விட்டார். எடிங்டனுடன் நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. நோபெல் பரிசு வந்தது 1983-இல். இடையே கழிந்தவை 48 ஆண்டுகள்! அதனைப் 'படி' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர் பின்வாங்கினார் என்பீர்களா? கணக்குச் சரியென்று தெளிந்தபின், அதனை எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதற்கு, ஓயாமல் வாதாடுவதைக் காட்டிலும் மிகுந்த நெஞ்சுரம் வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

என் கட்டுரையும் அத்தகையது என்று மார்தட்டவில்லை. திருப்பியவர்களுள் ஒருவர் சுட்டிய பிழை உண்மையில் பிழைதான்; ஒரு வாரம் அவரை வைதுவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டேன். திருத்தியதை நான்காம் முறை அங்கே அனுப்பவில்லை. ஆய்வேட்டில் மூன்றாம் அதிகாரமாகச் சேர்த்துவிட்டேன். இப்போது வேறொரு கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். அதுவும் திரும்பி வரலாம். அப்போது முதுகில் தட்ட வருகிறவர்கள், தேநீருக்கு என்னையும் அழைத்துப் போனால் போதும்.