பேட்டரியில் 14 வோல்ட்... இ.சி.யு கணக்கில் 11! நடுவில் எங்கே போச்சு?

ஐப்பசி அடைமழை கொஞ்சம் ஓய்ந்த காலை. அம்மாவை டாக்டரிடம் காட்ட பேராவூரணி பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்புகிறது ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் இன்ஜின் தடுமாறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால், 'பி0562: சிஸ்டம் வோல்டேஜ் குறைவு' என்று வருகிறது. புது பேட்டரி மாட்டுகிறார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் அதே விளக்கு. ஆல்டர்னேட்டரையும் மாற்றுகிறார்கள். அப்போதும் விளக்கு அணையவில்லை. கடைசியில், 'இ.சி.யு-தான் போயிருக்கும்' என்ற பேச்சு வருகிறது. அதை மாற்றினால் அந்த மாத பட்ஜெட்டே காலி!

ஆனால், மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 14.1 வோல்ட். இ.சி.யு காட்டுவதோ 10.8. இதில் யார் சொல்வது பொய்?

கடைமடைக் கணக்கு

இரண்டுமே பொய்யில்லை. டெல்டாக்காரர்களுக்கு இது பழகிய கதைதான். கல்லணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது. ஆனால், பேராவூரணி கடைமடையில் வயல் காய்கிறது. அணையிலும் குறையில்லை, கடைமடை விவசாயி சொல்வதும் நிஜம். நடுவில் வாய்க்கால் தூர்ந்துகிடக்கிறது.

காரில் கடைமடை என்பது இ.சி.யு. தன் வாசல் வரை எவ்வளவு வோல்டேஜ் வந்து சேர்கிறதோ, அதை மட்டும்தான் அதனால் அளக்க முடியும். இங்கே திரும்பிப் போகும் வாய்க்காலும் முக்கியம். அதுதான் எர்த் வயர். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் அந்த வயரின் போல்ட் துருப்பிடித்தாலோ, கப்ளரில் பச்சைக் களிம்பு பூத்தாலோ, வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு இது சகஜம். அறுவடை முடிந்து, வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும் தை, மாசியில் வயரைக் கடித்துவைக்கும் பிரச்னையும் சேர்ந்துகொள்ளும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பேட்டரி. இன்ஜினை அணைத்து சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5. சில புது கார்களில் ஆல்டர்னேட்டரை இ.சி.யு-வே கூட்டிக் குறைக்கும். அதனால், எண் கொஞ்சம் ஏறி இறங்கினாலே கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து எர்த். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏ.சி, ப்ளோயர் எல்லாவற்றையும் போடுங்கள். இது முக்கியம். லோடு இல்லாதபோது, தூர்ந்த வாய்க்காலில்கூட கொஞ்சம் தண்ணீர் போகும், குறை தெரியாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மறு முனையை பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.5-ஐத் தாண்டினால் குற்றவாளி அந்த வயர்தான். பாடியிலும், இ.சி.யு-வின் எர்த் போல்ட்டிலும் இதையே செய்ய வேண்டும். ஃபேனிலும் பெல்ட்டிலும் கை, துப்பட்டா, வேட்டி படாமல் கவனம்!

கோளாறு எர்த்தில் என்றால் இன்ஜினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, போல்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல நேரம் போதும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'டெஸ்ட்' செய்யும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்போது எகிறும் வோல்டேஜ், நன்றாக இருக்கும் இ.சி.யு-வையே காவு வாங்கிவிடும்.

சென்சார் சொல்லும் பொய்

பல சென்சார்களுக்கு இ.சி.யு கொடுப்பது 5 வோல்ட். ஒரு சென்சார் ஷார்ட்டானால் அந்த 5 வோல்ட்டே சரிந்து, ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார்கள் கெட்டதுபோலக் காட்டும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்; ஒவ்வொன்றாகக் கழற்றினாலே எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். கூலன்ட் சென்சாரின் எர்த் கெட்டாலோ வேடிக்கை. சித்திரை வெயிலிலும் இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்து, இ.சி.யு கூடுதல் பெட்ரோலைக் கொட்டும். மைலேஜ் விழும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டும் மலிவு விலை ப்ளூடூத் ஸ்கேனர்களிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில ஆப்கள் காட்டுவது இ.சி.யு-வின் வோல்டேஜ் அல்ல, அந்தக் கருவி தானே அளந்த வோல்டேஜ். அது துல்லியமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 'கன்ட்ரோல் மாட்யூல் வோல்டேஜ்' என்ற வரியைத் தேடிப் பார்த்து, மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. இ.சி.யு மாற்றணும் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "லோடு கொடுத்து, எர்த்துல வோல்டேஜ் டிராப் பார்த்தீங்களா அண்ணே?"