தண்ணிப் பால் என்னும் பழி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளின் பக்கம் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண்ணின் குழந்தை எடை ஏறாவிட்டால், வீட்டிலும் தெருவிலும் சட்டென்று ஒரு காரணம் வந்துவிடும்: "அவளே ஒடிசலா இருக்கா, பால்ல என்ன சத்து இருக்கும்? வெறும் தண்ணிப் பால்." மறுநாளே பவுடர் பால் டப்பா வீட்டுக்கு வந்துவிடும். தாயின் உடம்பைப் பார்த்துப் பாலை மதிப்பிடும் இந்த நம்பிக்கை தவறு. அதைவிடக் கேடு, பால் உண்மையிலேயே குறையும்போது அதற்கான காரணத்தை இது மறைத்துவிடுகிறது.

தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான், தாய் ஒல்லியானாலும் பருமனானாலும். நூறு மில்லியில் சுமார் ஒரு கிராம் புரதம், 65 முதல் 70 கலோரி. எருமைப் பாலை அடுப்பில் வைத்து ஆடை படியப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தண்ணியாகத்தான் தெரியும். ஆனால் கன்று சில வாரங்களில் இருமடங்கு எடை போட வேண்டிய பிராணி; மனிதக் குழந்தை அதற்கு நாலைந்து மாதம் எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கையில் நாலு சொட்டுப் பீய்ச்சிப் பார்ப்பவர்கள் பார்ப்பது முதலில் வரும் நீர்த்த பாலை. குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்பு கூடும். சேலத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் சி. கோபாலன், 1950களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஏழைத் தாய்மாரின் பாலை அளந்து பார்த்தார். அரைவயிற்று உணவில் வாழ்ந்த அந்தப் பெண்களின் பாலில் புரதம் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. பிறகு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், பாலூட்டும் தாய்மாருக்குத் தினமும் 700 கலோரிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பாலின் அளவு கூடவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட உடம்பின் கதை வேறு. ஒடிசலான உடம்பு பஞ்சத்தில் அடிபட்ட உடம்பு அல்ல.

அப்படியானால் தாய் என்ன சாப்பிட்டாலும் ஒன்றுதானா என்று கேட்கலாம். இல்லை. பி1, பி12, வைட்டமின் ஏ, அயோடின் ஆகியவை தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறையும். தீட்டிய அரிசியே கதியென்று இருந்த பகுதிகளில் கைக்குழந்தைகள் பி1 குறைவால் பெரிபெரி கண்டு இறந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறை தராசில் தெரியாது. பருமனான பெண்ணுக்கும் பி12 குறைவாக இருக்கலாம். கனத்த தாய்மாரின் பாலில் கொழுப்பு சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்வதும் மெய்தான். ஆனால் ஒரே தாயிடம் ஒரு முறை ஊட்டும்போதே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. மாறாக, உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் பால் இறங்கத் தாமதமாவது உண்டு. ஒல்லியான தாய்க்கு நல்ல சாப்பாடு வேண்டும், அவளுக்காகவே வேண்டும்: பாலுக்கு வேண்டியதை உடம்பு அவளுடைய கொழுப்பிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்துவிடுகிறது. முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது இதனால்தான்.

"எடை ஏறவில்லையே" என்பது அடுத்த வாதம். எதோடு ஒப்பிட்டு? உலகம் நெடுநாள் பயன்படுத்திய வளர்ச்சி அட்டவணை, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை அளந்து வந்தது. தாய்ப்பால் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறி, பிறகு நிதானப்படும். அந்த நிதானம் பழைய அட்டவணையில் சறுக்கலாகத் தெரிந்தது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் புதிய அட்டவணை வெளியிட்டது. பக்கத்து வீட்டுக் கொழுகொழு பிள்ளையோடு ஒப்பிடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. புதிய அட்டவணையிலும் கோடு கீழே இறங்கினால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

வேலைக்குப் போன பிறகு பால் வற்றியதை நேரில் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். கட்டிக்கொண்டு நின்றால் சுரப்பு அடங்கும். எட்டு மணி நேர ஷிப்ட், அதோடு காஞ்சிபுரத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ கம்பெனி பஸ்ஸில் வந்து போகும் நேரம். இடையில் பீய்ச்சி எடுக்க ஓர் அறையோ வைக்க ஒரு குளிர்பெட்டியோ இல்லையென்றால், எந்த எடையுள்ள பெண்ணுக்கும் பால் குறையும். பவுடர் பால் ஊட்ட ஊட்ட இன்னும் குறையும், பழியும் உறுதிப்படும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் 26 வார விடுப்பு தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சொன்னது. ஆனால் விடுப்பு வேண்டுமென்றால் பிரசவத் தேதிக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கான்ட்ராக்ட் மாறி மாறி வேலை பார்ப்பவளுக்கு அந்தக் கணக்கைக் காட்டுவதே பாடு. 2024இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. நல்ல காரியம். ஆனால் அதுவும் பெண் தொழிலாளியைத் தனியாளாகவே எண்ணிக் கட்டியது. காப்பகம் ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை, சிப்காட் வளாகத்தில் நாலைந்து ஆலைகளுக்குப் பொதுவாக ஒன்று இருந்தாலே போதும். சட்டம் அதற்கும் இடம் தருகிறது.