அட்டையில் இல்லாத பல்வங்கர் பாலு

கடம்பத்தூர் பெட்டிக்கடைகளில் ஒரு காலத்தில் கிரிக்கெட் அட்டைகள் தொங்கும். ஆட்டங்கள், ரன்கள், விக்கெட்டுகள். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் அந்த எண்களை மனப்பாடம் செய்துதான் வளர்ந்தோம். அந்தக் கட்டில் பல்வங்கர் பாலுவை நாங்கள் பார்த்ததே இல்லை.

யார் அவர்? சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதானத் தொழிலாளி. அங்கே வலைப்பயிற்சியில் பந்து வீசியே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். முதல்தரப் போட்டிகள் 33, விக்கெட் 179, சராசரி 15.21. புனேயில் அவருடைய பந்துவீச்சால் ஜெயித்த இந்துக்கள், அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே தனி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். இந்து அணியின் கேப்டன் பதவியைக் கடைசிவரை தரவில்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவ்ராமும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து அணியிலிருந்து விலகினார்கள். 1923இல் விட்டல் கேப்டன் ஆனார். யாரும் மனமிரங்கித் தந்ததல்ல அது.

அதே காலத்தில், 1909 முதல் 1911 வரை, அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளை வைத்து விற்றார்கள். அதில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. பெரிய லீக்கிலேயே அவர்களைச் சேர்க்கவில்லை. இன்று அங்கே ஓவியர்கள் பழைய அட்டைகளின் பாணியிலேயே அந்த வீரர்களை வரைகிறார்கள். 2024இல் நீக்ரோ லீக் எண்கள் அதிகாரபூர்வப் பதிவில் ஏறின. ஜோஷ் கிப்சனின் .372 சராசரி டை காப்பை முந்தியது.

நாமும் பாலுவுக்கு அட்டை அச்சிட வேண்டும். ஆனால் படமும் எண்ணும் மட்டும் போதாது. பின்பக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: 'கேப்டன்: இல்லை. காரணம்: சாதி.' அந்த வரி இல்லாவிட்டால், மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்றுதான் பிள்ளைகள் நினைக்கும்.

'விளையாட்டில் எதற்குச் சாதி?' என்று உடனே கேட்பார்கள். இந்து, பார்சி, முஸ்லிம், ஐரோப்பியர் என்று அணி பிரித்து ஆடியது யார்? மண்குவளையை வெளியே வைத்தது யார்?

நம் தோழர்களிடமிருந்தும் ஒரு கேள்வி வரும். 1937 தேர்தலில் பாபாசாகேப் அம்பேத்கரை எதிர்த்து காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றவரை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? அதையும் அட்டையில் அச்சிடுவோம். நமக்குப் பிடிக்காததை வெட்டிவிட்டு அச்சிட்டால், சாதி இந்துக்கள் செய்ததையே நாமும் செய்கிறோம். விக்கெட் எடுத்தவருக்கு விக்கெட் கணக்கு சேர வேண்டும். அரசியலில் அவரோடு சண்டை போடும் உரிமை நமக்கு அப்போதும் இருக்கும்.

இன்றும் எத்தனை கிராமங்களில் ஊர் அணி தனி, காலனி அணி தனி? பிட்ச் உருட்ட மட்டும் யாரைக் கூப்பிடுகிறார்கள்? இந்த அட்டை முதலில் நம் மாலை வகுப்புப் பிள்ளைகளின் கைக்குப் போகட்டும். அவர்கள் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஊர்ப் பிள்ளைகளோடு ஆடட்டும். 15.21 என்ற சராசரியை யாரும் எளிதில் வெல்ல முடியாது. தோற்ற பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்க்கும். அந்த வரியையும் படிக்கும்.

ஜெய் பீம்.