ஊராட்சித் தலைவிக்கு அடுத்த படி எங்கே?

செஞ்சி என்ற ஊர்ப்பெயரை அடைமொழியாகச் சுமந்துகொண்டு அமைச்சரானவர்கள் உண்டு. வாஜ்பாய் அரசில் செஞ்சி ராமச்சந்திரன் மத்திய இணையமைச்சராக இருந்தார். 2021-ல் அமைந்த திமுக அரசில் செஞ்சி மஸ்தான் அமைச்சரானார். அந்த அடைமொழியோடு அமைச்சரவைக்குப் போன பெண் யாருமில்லை. இந்த ஊர் மறக்காமல் வைத்திருக்கும் பெண், செஞ்சியை ஆண்டு 1714-ல் போரில் மாண்ட ராஜா தேசிங்கின் மனைவி. உடன்கட்டை ஏறிய அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கணவனோடு உயிர்விட்டவளை முந்நூறு ஆண்டுகளாகப் போற்றும் மண் இது. இங்கே ஆட்சி செய்து பெயர் வாங்கும் ஒரு பெண் இனியாவது எழவேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவை வேட்பாளர் பட்டியல் எழுதும் கட்சிகளே.

இரண்டு மருத்துவர்களின் வாழ்க்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். திருநெல்வேலியில் 1904-ல் பிறந்த டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன், இளம் வயதில் கணவரை இழந்தபின் டெல்லியில் மருத்துவம் படித்தார். சின்னாளப்பட்டியில் சிறிய அளவில் மருத்துவப் பணியைத் தொடங்கி, 1947-ல் இரண்டாவது கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தை நிறுவினார். பிறகு இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர். 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சர். அவர் தொட்ட வேலையெல்லாம் நிறுவனமாக நிலைத்தது. காந்திகிராமப் பல்கலைக்கழகமும் கஸ்தூர்பா மருத்துவமனையும் இன்றும் இயங்குகின்றன. ஆனாலும் துணை அமைச்சர் பதவிக்கு மேல் அவர் உயர்த்தப்படவில்லை. ஒரு தலைமுறைக்குப் பின்னால், நார்வேயில் குழந்தைகள் நலப் பணியில் இருந்த மருத்துவர் க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட் 1974-ல் சுற்றுச்சூழல் அமைச்சராகவும் 1981-ல் பிரதமராகவும் ஆனார். அவர் தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987-ல் தந்த அறிக்கைதான், நீடித்த வளர்ச்சி என்ற சிந்தனையை உலக அரசுகள் பேசும் விஷயமாக்கியது. 1998 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனத்தையும் அவரே நடத்தினார். திறமையில் நம் சௌந்தரம் எந்த வகையில் குறைந்தவர்? நார்வேயில் கட்சி வழிவிட்டது. ப்ருண்ட்லாண்டின் தொழிலாளர் கட்சி 1983-ல் 40 சதவீத ஒதுக்கீட்டைத் தன் சொந்த விதியாகவே எழுதிக்கொண்டது. 1986-ல் அவர் அமைத்த அமைச்சரவையில் 18 பேரில் 8 பேர் பெண்கள்.

நம்மிடம் ஏணியின் கீழ்ப்படி மட்டும் உறுதியாக இருக்கிறது. 2016 முதல் தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. 2021 அக்டோபரில் விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, செஞ்சி வட்டாரத்திலும் அந்த ஒதுக்கீட்டின்படி பெண்கள் பதவிக்கு வந்தார்கள். ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றும் பகுதி இது. கோட்டைக்குள் கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் நீர் கொண்டுவந்தவர்களின் ஊரில், இன்று மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும்தான் ஊராட்சியின் அன்றாடப் பிரச்சினை. அந்தப் பிரச்சினையைப் பெண்கள் எப்படிக் கையாளுகிறார்கள்? மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆய்வாளர்கள் எஸ்தர் டுஃப்ளோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட முடிவு தெளிவானது: பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் இரண்டு மாநிலங்களிலும் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டன. நீரும் தாய்சேய் நலமும் சாலையும்தானே உலக வளர்ச்சி அமைப்புகளின் பாடத்திட்டம்? அதை ஐந்தாண்டு நடைமுறையில் படித்தவர்களை அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் வென்ற பெண்கள் 12 பேர்தான்.

“பேருக்குத்தான் அந்தம்மா தலைவர், ஆள்வது கணவர்” என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால், காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணம் நகரும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். துணைத்தலைவர் கையெழுத்து போட மறுத்தால், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் குழாய் வராது. தலைவி பட்டியலினத்தவராக இருந்தால் சுமை இரட்டிப்பு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்காரவைத்த படம் 2020-ல் நாட்டையே உலுக்கியதே! அந்த நிலையிலும் பதவிக்காலத்தை முடித்துக்காட்டுகிறவருக்கு நிர்வாகம் தெரியாது என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

“பெண்ணை நிறுத்தினால் தோற்றுவிடுவோம்” என்பது கட்சிக்காரர்களின் அடுத்த வாதம். நாம் தமிழர் கட்சி பாதி இடம் கொடுத்தும் ஒருவரும் வெல்லவில்லையே என்பார்கள். அந்தக் கட்சியில் ஆண்களும் வெல்லவில்லை. ஆளும் வலிமையுள்ள கட்சி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசா சாட்சி. 2019 மக்களவைத் தேர்தலில் பிஜு ஜனதா தளம் 21 இடங்களில் 7-ஐப் பெண்களுக்குத் தந்தது. அவர்களில் 5 பேர் வென்றார்கள். மீதி 14 இடங்களில் நின்ற ஆண்களில் வென்றவர்கள் 7 பேர். அஸ்கா தொகுதியில் வென்ற பிரமிளா பிசோய் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர்.

மகளிர் இடஒதுக்கீட்டுக்காக 2023-ல் நிறைவேறிய 106-வது அரசியல் சட்டத் திருத்தத்தைக் காட்டி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்று காத்திருக்கவேண்டிய அவசியம் எந்தக் கட்சிக்கும் இல்லை. வேட்பாளர் பட்டியல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2021-ல் பதவியேற்ற செஞ்சி வட்டாரத் தலைவிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் நிறைகிறது. குடிநீரும் சாலையும் கொண்டுவந்து காட்டியவர்கள் யார் யார் என்று மாவட்டச் செயலாளர்கள் இப்போதே விசாரித்து எழுதிவைக்கட்டும். மாவட்ட ஊராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் வேட்பாளர் தேடும்போது, அந்தப் பெயர்களை முதலில் அழைக்கட்டும்.