மரம் காயும் வரை

கார்த்திகைப் பௌர்ணமி நெருங்கிவிட்டால் திருவொற்றியூர்க்காரர்களின் மனம் கோயில் பக்கமே நிற்கும். புற்று வடிவில் எழுந்தருளியிருக்கும் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருப்பார். பௌர்ணமியையொட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் திறந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்தத் திருமேனி தரிசனத்துக்காக 2023 நவம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் வரிசையில் நின்று வந்தோம். அடுத்த வாரமே மிக்ஜாம் புயல் வந்தது.

டிசம்பர் 4ஆம் தேதி பொழுது விடிந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. தாழ்வாரத்தில் நின்ற ஸ்கூட்டர் பாதி மூழ்கியிருந்தது. வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவி, எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது பின்னர்தான் தெரிந்தது. எங்கள் கவலை வேறாக இருந்தது. என் மனைவியின் இன்சுலின் இரண்டு வேளைக்குத்தான் மிச்சம்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் மருந்துக்கடைக்குப் புறப்பட்டேன். "வண்டியைத் தொடாதீர்கள். யாரையாவது கேட்டுப் பார்க்கலாம்" என்றாள் அவள். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பிறருக்கு நிதானம் போதித்தவன் நான். அன்று அதெல்லாம் எங்கே போயிற்றோ, பொத்தானை அழுத்தினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மீண்டும் உதைத்தேன். வண்டி அசையவில்லை.

நான் வண்டியோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்த குப்பத்துத் தம்பி ஒருவன், "சீட்டைக் கொடுங்க ஐயா" என்று மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு தண்ணீரிலேயே நடந்து போனான். ஒரு மணி நேரத்தில் மருந்து வந்துவிட்டது. என் மனைவி அவனுக்குக் காப்பி கொடுத்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிறகு மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, மெல்ல உதைத்து உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை இறக்கிப் பார்த்து, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரையும் பெட்ரோல் டாங்கையும் சுத்தம் செய்த பிறகே பொத்தானில் கை வைக்கலாம். "ஒரு நாள் விட்டிருந்தால் ஆயில் செலவோடு போயிருக்கும் சார்" என்றார். என் அவசரத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய் வட்டி கட்டினேன்.

வீட்டுக்குள் இன்னொரு நஷ்டம் காத்திருந்தது. ஓய்வு பெற்ற ஆண்டில் நானே பிளைவுட் வாங்கி அறுத்து, ஒட்டி, வார்னிஷ் பூசிச் செய்த பூஜை அலமாரி அது. விலை குறைவென்று சாதாரண ரகத்தை வாங்கியிருந்தேன். தண்ணீர் தாங்கும் 710 தர முத்திரைப் பலகை கடையில் இருந்தும் கணக்குப் பார்த்தேன். இப்போது அது பாலில் நனைந்த ரஸ்க் போல ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது.

கட்டிலுக்கடியில் மிதந்து வந்தது அப்பாவின் பலாமர மனை. வஜ்ஜிரம் தொடாமல், மரஆணி மட்டும் அடித்து அவர் செய்வித்தது. அவர் சந்தியாவந்தனம் செய்த மனை. புது அலமாரி வந்த நாளில் அதற்கு இனி என்ன வேலை என்று நான்தான் கீழே தள்ளினேன். அதன் மேல் பெயின்ட் டப்பா வைத்திருந்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. சேற்றைக் கழுவிப் பார்த்தேன். ஓர் ஆணிகூட நெகிழவில்லை.

சுவாமிக்கு அந்த மனையையே பீடமாக்கி, பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கு ஜன்னல் சட்டங்களால் ஒரு சிறு மண்டபம் அமைப்பது என்று தீர்மானித்தோம். உடனே மனையை மொட்டை மாடி வெயிலில் காயவைக்கப் போனேன். தெருக்கோடித் தச்சர் தடுத்தார். நனைந்த மரத்தை வெயிலில் போட்டால் மேற்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மரம் வெடித்துவிடும். நிழலில், தரைக்கும் மனைக்கும் நடுவே குச்சிகள் கொடுத்து, நாற்புறமும் காற்றோட வைக்க வேண்டும். ஒரு மாதமாவது ஆகும் என்றார்.

தைப்பூசத்துக்குள் விளக்கேற்ற ஆசைப்பட்டு நான் முணுமுணுத்தேன். அப்போதுதான் என் மனைவி வாய் திறந்தாள்: "மூன்று நாள் தரிசனத்துக்காக ஆண்டெல்லாம் காத்திருக்கிறோம். ஒரு மனை காய்வதற்கு ஒரு மாதம் காத்திருக்கக் கூடாதா?"

காத்திருந்தேன். தினமும் மாலையில் சட்டங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். தச்சர் சொல்லிக் கொடுத்தபடி உளியால் கழுந்து வெட்டினேன். முதல் இரண்டு கழுந்துகள் தளர்ந்து போயின. அவற்றை விறகாக்கிவிட்டு வேறு வெட்டினேன். தைப்பூசம் கடந்தது. மாசி மகத்தன்றுதான் அப்பாவின் மனை மேல் சுவாமி படங்கள் ஏறின. என் மனைவி விளக்கேற்றினாள். "அந்தத் தம்பியைக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டாள். கூப்பிட்டிருந்தேன். வந்தான். முதல் பிரசாதம் அவன் கையில்தான்.

இதோ மறுபடியும் மழைக்காலம். அன்பர்களே, மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். மருந்தை ஒரு வாரத்துக்கு முன்னதாகவே வாங்கி வையுங்கள். எவ்வளவோ பார்த்தும் வண்டி நனைந்துவிட்டால், பொத்தானைத் தொடாமல் மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் பெரியவர்களின் மனை எங்காவது கிடக்கிறதா என்று கட்டிலுக்கடியிலும் ஒரு முறை பாருங்கள்.