குனிந்து நிற்கும் அன்ரெனா

எங்கள் அமிர்தகழியில் டிஷ் அன்ரெனா வானத்தை அண்ணாந்து பார்க்கும். மழை பெய்தால் நீர் தேங்கும். வட நோர்வேயின் துறொம்சோவில் அதுவே நிலத்தை நோக்கிக் குனிந்து நிற்கும். பிழையன்று. தொலைக்காட்சிச் செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. கிழக்கு 13 பாகையிலுள்ள ஹொட்பேர்ட், அங்கே தெற்கு அடிவானிலிருந்து சுமார் 12 பாகை உயரத்தில்தான் இருக்கும். அயல்வீட்டுக் கூரையொன்றே படத்தை அறுத்துவிடும்.

1980களிலிருந்து அவ்வடபுலத்து மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம்மவர்கள் பலர். படம் தெளிவில்லையென்றால் உடனே பெரிய அன்ரெனா வாங்குவது வீண்செலவு என்பேன். மலையையும் மரத்தையும் எந்த அன்ரெனாவும் துளைக்காது. முதலில் தெற்கே மறைப்பது எதுவெனப் பார்த்து, இடத்தை மாற்றுங்கள். அளவைப் பெருக்குவது பிறகு.

மொழி தெரியாத ஊரில், பகல் முழுதும் தனித்திருக்கும் தாய்க்காக ஒருநாள் கூரையேறுவது பெரிய காரியமன்று.